யார் பையில் எவ்வளவு?

மயிலாப்பூர் தெற்கு மாட வீதிப் பக்கம் ஒரு மெஸ். காலை எட்டு மணி. மூன்று நண்பர்கள் பொங்கல், வடை, தோசை, காபி என்று ஒரு பிடி பிடித்துவிட்டு எழுந்தார்கள். சர்வர் 300 ரூபாய் என்றார். ஆளுக்கு ஒரு நூறு ரூபாய்த் தாளை எடுத்துக் கொடுத்தார்கள். சர்வர் கொண்டுபோய்க் கல்லாவில் கட்டினார். கல்லாவில் இருந்தவர் பில்லை இன்னொரு தடவை பார்த்தார். "கூட்டலைத் தப்பாப் போட்டிருக்கியேப்பா, 250தான் ஆகுது" என்று ஐந்து பத்து ரூபாய்த் தாள்களைத் திருப்பிக் கொடுத்தார். ஐம்பதை மூன்று பேருக்கு எப்படிப் பிரிப்பது? சர்வர் ரொம்ப யோசிக்கவில்லை. ஆளுக்குப் பத்து கொடுத்தார். மிச்சம் இருபதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

இப்போது கணக்கு. ஒவ்வொருவரும் கொடுத்தது 100, திரும்பி வந்தது 10. ஆக, ஆளுக்கு 90. மூன்று தொண்ணூறு 270. சர்வர் பையில் 20. இரண்டும் சேர்ந்து 290. முதலில் கொடுத்ததோ 300. மீதிப் பத்து ரூபாய் எங்கே?

இந்த இடத்தில் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஐந்து நிமிஷம் மண்டையை உடைத்துக்கொள்ளுங்கள். விடை தெரிந்தவர்கள், தெரியாத ஒருவருக்கு அதைப் புரியவைக்க முடிகிறதா என்று பாருங்கள். விடை தெரிவதைவிட அது கஷ்டம்.

அடையாறில் எங்கள் குடியிருப்பின் மொட்டைமாடியில் ஒரு பொங்கல் அன்று இதைக் கேட்டேன். ஒருவர் சர்வர் மேல் சந்தேகப்பட்டார். ஒருவர் கல்லாக்காரர் மேல். வங்கியில் முப்பது வருஷம் காசாளராக இருந்து ஓய்வுபெற்ற ஒரு சார் காகிதம் கேட்டு வாங்கி, 270, 20, 290 என்று மூன்று தடவை எழுதிக் கூட்டினார். கூட்டல் சரியாகவே வந்தது. அதுதான் வம்பு. கூட்டலில் தப்பு இல்லை, கூட்டியதே தப்பு.

கடைசியில் வாயைத் திறந்தது மூன்றாம் மாடிப் பாட்டி. "அந்த 300 இப்ப யார் யார் கையில இருக்குன்னு சொல்லுடா முதல்ல" என்றார். கல்லாவில் 250. சர்வர் பையில் 20. நண்பர்கள் கையில் முப்பது. மொத்தம் 300. எதுவும் எங்கும் போகவில்லை.

பிறகு அந்த 270 என்ன? நண்பர்கள் மூவரும் கையைவிட்டுக் கொடுத்த மொத்தத் தொகை. அதில் 250 கல்லாவுக்கு, 20 சர்வருக்கு. அதாவது சர்வரின் இருபது ஏற்கெனவே 270க்கு உள்ளே உட்கார்ந்திருக்கிறது. அதையே வெளியே எடுத்து இன்னொரு தடவை கூட்டச் சொல்கிறது புதிர். 270லிருந்து 20ஐக் கழித்தால் கல்லாவின் 250 வரும். 270உடன் நண்பர்கள் கையில் உள்ள 30ஐக் கூட்டினால் 300 வரும். இரண்டுக்கும் அர்த்தம் உண்டு. 270உடன் 20ஐக் கூட்டினால் வருவது வெறும் எண். அது 300க்குப் பக்கத்தில் வந்து நிற்பதால் நாம் ஏமாறுகிறோம்.

செட்டிநாட்டுக் கணக்குப்பிள்ளை ஒருவரிடம் இதைக் கேட்டிருந்தால் சிரித்திருப்பார். சிட்டையில் குறித்து, பேரேட்டில் ஏற்றி, வருஷ முடிவில் ஐந்தொகை போட்டவர்கள் வரவை ஒரு பக்கமும் பற்றை மறு பக்கமும் எழுதிப் பழகியவர்கள். 270 என்பது பற்று. 20 அந்தப் பற்றின் ஒரு பகுதி. பற்றின் மேல் அதன் துண்டையே மறுபடி ஏற்றும் பிள்ளைக்கு அன்றோடு சீட்டுக் கிழிந்திருக்கும்.

ஆங்கிலப் புதிர்ப் புத்தகங்களில் இந்தக் கணக்கு 1930களிலேயே ஓட்டல் அறை வாடகையாக உலவியது. நம் ஊருக்கு வந்து மெஸ்ஸாகவும் லாட்ஜாகவும் மாறியது. அப்பாவிடம் ஐம்பது, அம்மாவிடம் ஐம்பது கடன் வாங்கி 97 ரூபாய்க்குச் சட்டை எடுத்தவன் கதையும் இதேதான். வேஷம் வேறு, ஆள் ஒன்று.

எண்ணை இழுத்துப் பாருங்கள்

பாட்டியின் கேள்விதான் இந்த அத்தியாயத்தின் முதல் கருவி. காகிதத்தில் கதையில் வரும் ஒவ்வொருவருக்கும் ஒரு கட்டம் போடுங்கள். கல்லாவுக்கும் ஒன்று. கதை முடிந்த கணத்தில் ஒவ்வொரு கட்டத்திலும் என்ன இருக்கிறது என்று மட்டும் எழுதுங்கள். ஒரு ரூபாய் ஒரு நேரத்தில் ஒரு பையில்தான் இருக்க முடியும்.

இரண்டாவது கருவி எனக்கு இன்னும் பிடித்தது. கதையை அப்படியே வைத்துக்கொண்டு எண்ணை மட்டும் கன்னாபின்னாவென்று மாற்றுவது. பில் 250 இல்லை, 100தான் என்று வையுங்கள். கல்லாவிலிருந்து 200 திரும்பி வருகிறது. சர்வர் ஆளுக்கு 60 கொடுத்துவிட்டு 20ஐ வைத்துக்கொள்கிறார். ஆளுக்குச் செலவு 40. மூன்று நாற்பது 120. சர்வரின் 20ஐச் சேர்த்தால் 140. மீதி 160 ரூபாய் எங்கே என்று யாராவது கேட்பார்களா? கேட்டால் குழந்தைகூடச் சிரிக்கும். அப்படியானால் முதல் கேள்வியும் அதே அளவுக்கு அபத்தம்தான். 290 பார்க்க லட்சணமாக இருந்தது, அவ்வளவே.

இதே கருவியைப் பாஸ்புக் புதிரிலும் போட்டுப் பாருங்கள். கணக்கில் 5000 ரூபாய். 2000 எடுத்தால் இருப்பு 3000. 1500 எடுத்தால் 1500. 900 எடுத்தால் 600. 600ஐயும் எடுத்தால் பூஜ்யம். எடுத்ததைக் கூட்டினால் 5000. இருப்புப் பத்தியைக் கூட்டினால் 5100. வங்கி நூறு ரூபாய் கூடுதலாகத் தந்ததா? எண்ணை மாற்றுங்கள்: ஒவ்வொரு தடவையும் ஆயிரமாக எடுத்தால் இருப்புப் பத்தி 4000, 3000, 2000, 1000, பூஜ்யம், மொத்தம் 10,000. ஒரே தடவையில் ஐயாயிரத்தையும் எடுத்தால் பத்தியின் மொத்தம் பூஜ்யம். இருப்புகளைக் கூட்டுவது, காலையில் ஒரு தடவை, மதியம் ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை அதே பானைத் தண்ணீரை அளந்துவிட்டு மூன்று பானை என்று சொல்வது போல.

கூட்டக் கூடாததைக் கூட்டுவது கடைத்தெருவிலும் நடக்கும். ஆடி மாதம் ரங்கநாதன் தெருவில் '50 சதவீதம் தள்ளுபடி, அதற்கு மேல் 20 சதவீதம்' என்று பலகை பார்த்தால் எழுபது என்று மனசு கூட்டும். ஆயிரம் ரூபாய்ச் சேலையை எடுத்துப் போடுங்கள். பாதி 500. அந்த ஐந்நூறில் இருபது சதவீதம் 100. கட்ட வேண்டியது 400. தள்ளுபடி அறுபதுதான்.

பாண்டி பஜாரில் ஒரு கள்ள நோட்டு

இது கொஞ்சம் கெட்டியான புதிர். கடைக்காரர்களிடமே கேளுங்கள், சண்டை வரும்.

பாண்டி பஜாரில் ஒரு வளையல் கடை. ஒருவர் 200 ரூபாய்க்கு வளையல் வாங்கி 500 ரூபாய்த் தாள் நீட்டுகிறார். சில்லறை இல்லை. கடைக்காரர் பக்கத்து ஜூஸ் கடைக்கு ஓடி அந்த ஐந்நூறைக் கொடுத்து ஐந்து நூறாக வாங்கி வருகிறார். வாங்கியவருக்கு 300 மீதி கொடுக்கிறார். ஆள் போய்விட்டார். சாயங்காலம் ஜூஸ் கடைக்காரர் வந்து, "அண்ணே, நீங்க குடுத்த நோட்டு டூப்புண்ணே" என்கிறார். வளையல் கடைக்காரர் தன் பணத்திலிருந்து 500 கொடுத்துச் சமாதானம் செய்கிறார். மொத்த நஷ்டம் எவ்வளவு?

ஆயிரம் என்பார்கள்: ஜூஸ் கடைக்கு 500, மீதி கொடுத்த 300, வளையல் 200. எண்ணூறு என்பார்கள். எழுநூறு என்றவரையும் பார்த்திருக்கிறேன்.

கட்டம் போடுங்கள். ஜூஸ் கடைக்காரர் காலையில் 500 கொடுத்தார், மாலையில் 500 வாங்கிக்கொண்டார். அவர் கட்டத்தில் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. அவரைக் கதையிலிருந்தே அடித்துவிடலாம். மிச்சம் இருப்பது இரண்டு பேர். ஓடிப்போனவர் கையில் 300 ரூபாய் பணமும் 200 ரூபாய் வளையலும். அவருக்கு வந்த 500தான் கடைக்காரருக்குப் போன 500. வளையலைக் கடைக்காரர் 140க்குக் கொள்முதல் செய்திருந்தால், கையிலிருந்து போனது 440, வரவேண்டிய லாபத்தில் போனது 60 என்று பிரித்துச் சொல்லலாம். எண்ணூறுக்கும் ஆயிரத்துக்கும் மட்டும் எந்த வழியிலும் இடமில்லை.

புதிருக்கு வெளியே ஒரு வார்த்தை. கள்ள நோட்டை வங்கியில் கொண்டுபோய்க் கொடுத்தால் முத்திரை குத்தி அவர்களே வைத்துக்கொண்டு ரசீது தருவார்கள்; பதில் பணம் கிடைக்காது. தெரிந்தே அதை அடுத்தவர் தலையில் கட்டுவது குற்றம்.

இங்கே கற்ற உத்தி, சமமாக வாங்கிச் சமமாகக் கொடுத்தவரைக் கதையை விட்டு வெளியேற்றுவது. இதைப் பழைய சைக்கிள் கணக்கில் தலைகீழாகப் பயன்படுத்தலாம். ஒருவர் சைக்கிளை 600க்கு வாங்கி 700க்கு விற்றார். மனசு கேட்காமல் அதையே 800க்குத் திரும்ப வாங்கி 900க்கு விற்றார். லாபம்? நூறு என்பவர்கள்தான் அதிகம். '700க்கு விற்றதை 800க்கு வாங்கினாரே, அதில் நூறு போச்சே' என்பார்கள். இதே கணக்கைக் குதிரையாக வைத்து, 60, 70, 80, 90 டாலர் என்று, 1967இல் நார்மன் மேயர் என்ற உளவியலாளரும் அவருடைய சகாவும் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடம் சோதித்தார்கள், பலரும் தடுமாறினார்கள். ஒரே சைக்கிள் என்ற எண்ணத்தைக் கைவிடுங்கள். முதலில் விற்றது பச்சை சைக்கிள், அடுத்தது சிவப்பு சைக்கிள் என்று வையுங்கள். பச்சையில் 100, சிவப்பில் 100. லாபம் 200. கையைவிட்டுப் போனது 1400, கைக்கு வந்தது 1600 என்று பார்த்தாலும் அதே.

உண்மையிலேயே போன ஒரு பைசா

இதுவரை பார்த்ததில் எதுவும் காணாமல் போகவில்லை. ஆனால் இந்த நாட்டில் ஒரு பைசா அரசாங்கத்தின் அட்டவணைப்படியே கைமாறிய காலம் உண்டு. எனக்குத் தெரிந்த பணப் புதிர்களில் இதற்கு இணை கிடையாது. காரணம், இது யாரும் கட்டிய கதை இல்லை.

1957 ஏப்ரல் 1ஆம் தேதிக்கு முன்னால் ரூபாய்க்கு 16 அணா. அணாவுக்கு நான்கு பைசா, அதாவது நான்கு காலணா. தம்பிடியில் சொன்னால் பன்னிரண்டு. ஆக ரூபாய்க்கு 64 பைசா, 192 தம்பிடி. ஓட்டைக் காலணா என்று திட்டுகிறோமே, நடுவில் ஓட்டை போட்ட அந்தச் செப்புக் காசு 1943 முதல் 1947 வரை அச்சானது. இந்தக் கணக்கில் ஒரு சௌகரியம்: தம்பிடியை விட்டுவிட்டால் எல்லாம் பாதி, அதில் பாதி, அதில் பாதி என்று போகும். அரைக்கால், மாகாணி என்று எண்சுவடியை மனப்பாடம் செய்த தலைமுறைக்கு அது நாக்கு நுனியில் இருந்தது.

1957 ஏப்ரல் 1 முதல் ரூபாய்க்கு 100 நயா பைசா. நூறைப் பதினாறால் வகுத்தால் 6.25. கால் பைசாவுக்குக் காசு இல்லை. அதனால் ஒரு மாற்று அட்டவணை போட்டார்கள்: ஓரணாவுக்கு 6 நயா பைசா, இரண்டணாவுக்கு 12, மூன்றணாவுக்கு 19, நாலணாவுக்கு 25. பழைய காசும் புதிய காசும் சில ஆண்டுகள் சேர்ந்தே புழங்கின.

இப்போது கபாலீசுவரர் கோயில் குளக்கரையில் ஒரு கீரைக்காரம்மாவை நினைத்துக்கொள்ளுங்கள். கட்டு ஓரணா. காலையில் ஒரு கட்டு, சற்று நேரம் கழித்து ஒரு கட்டு என்று நான்கு தடவை தனித்தனியாக வாங்கினால் நான்கு ஆறு 24 நயா பைசா. நான்கு கட்டையும் ஒன்றாக வாங்கினால் நாலணா, அதாவது 25. அதே கீரை, அதே விலை, ஒரு பைசா வித்தியாசம். பதினாறு கட்டையும் ஒவ்வொன்றாக விற்றால் அந்த அம்மாவுக்கு வருவது 96. ஒரு ரூபாய்ச் சரக்குக்கு நாலு பைசா துண்டு. மூன்று கட்டுக்கு இன்னும் வேடிக்கை: தனித்தனியாக 18, சேர்த்தால் 19. பழைய ஓரணாக் காசு நான்கை ஒவ்வொன்றாகக் கொடுத்து நயா பைசாவாக மாற்றினால் 24 கிடைக்கும். அங்கே நஷ்டம் மாற்றுகிறவருக்கு.

போன பைசா எங்கே? பாட்டியின் கேள்வியையே கேளுங்கள். வானத்தில் கரையவில்லை. ஒவ்வொரு விற்பனையிலும் கால் பைசா கீரைக்காரம்மாவின் முந்தானையிலிருந்து வாங்குகிறவர் பைக்குப் போயிருக்கிறது. கால் கால் என்று போனதால் கண்ணில் படவில்லை. நான்கு சேர்ந்தவுடன்தான் ஒரு காசாகத் தெரிகிறது.

1964 ஜூன் 1 முதல் 'நயா' என்ற அடைமொழி போயிற்று. 25 பைசாவும் அதற்குக் கீழ்ப்பட்ட காசுகளும் 2011 ஜூன் 30 முதல் செல்லாமல் போயின. நாலணா, எட்டணா என்ற பேச்சு மட்டும் போகவில்லை. இந்த முழுமையாக்கும் புதிரும் போகவில்லை: 100 ரூபாய் பில்லை மூன்று பேர் ஃபோனில் பிரித்துக் கட்டும்போது ஆளுக்கு 33.33 என்றால் மொத்தம் 99.99. ஒருவர் 33.34 கட்டியே ஆகவேண்டும். யார் என்பதற்குக் கணக்கில் விடை இல்லை.

நிஜமாகவே கோணலான கேள்விகள்

பக்கவாட்டுச் சிந்தனை என்ற பேச்சை 1967இல் தொடங்கிவைத்தவர் மால்டாவில் பிறந்த எட்வர்ட் டி போனோ. அவர் சொன்ன கதையில் வட்டிக்காரர் ஒருவர், பையில் ஒரு கறுப்புக் கல்லும் ஒரு வெள்ளைக் கல்லும் போடுவதாகச் சொல்லி, இரண்டும் கறுப்பாகவே போடுவார். வெள்ளை வந்தால் கடன் தள்ளுபடி. கடன்பட்டவரின் மகள் ஒன்றை எடுத்து, யாரும் பார்க்குமுன் தரையில் தவறவிட்டு, 'பையில் மிச்சம் இருப்பதைப் பாருங்கள், நான் எடுத்தது எது என்று தெரிந்துவிடும்' என்பாள். மரியாதை ராமன் கதை கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது புது ருசி அல்ல.

என் அபிப்பிராயம்: பணப் புதிர்களில் பெரும்பாலானவை இந்த வகை இல்லை. ஒழுங்காகக் கணக்கு எழுதினாலே உடைந்துவிடும். மூளையைக் கோணலாக வளைக்க வேண்டியவை கொஞ்சம்தான்.

சிலவற்றில் பொறி சொல்லில் இருக்கும். என்னிடம் இரண்டே நாணயம், மொத்தம் ஏழு ரூபாய். அதில் ஒன்று ஐந்து ரூபாய் நாணயம் அல்ல. எப்படி? ஒன்று அல்ல; இன்னொன்று ஐந்து ரூபாய்தான். இன்னொன்று: 2024 பத்து ரூபாய் நோட்டுக்கு 2019 பத்து ரூபாய் நோட்டைவிட மதிப்பு அதிகம், ஏன்? அது வருஷம் இல்லை, எண்ணிக்கை. ஐந்து நோட்டு கூட இருக்கிறது, 50 ரூபாய் அதிகம். இவற்றை வாயால்தான் கேட்க வேண்டும். எழுதிக் காட்டினால் பாதி சுவை போய்விடும்.

சிலவற்றில் பொறி, நமக்குத் தெரியவேண்டும் என்று நாமே நினைத்துக்கொள்ளும் ஒன்றில் இருக்கும். மேஜையில் இருபது நாணயம். ஏழு தலை, மற்றவை பூ. உங்கள் கண்ணைக் கட்டியாயிற்று. தடவிப் பார்த்தும் தெரியாது. இரண்டு குவியலாகப் பிரியுங்கள், இரண்டிலும் தலைகளின் எண்ணிக்கை சமமாக இருக்க வேண்டும். எது தலை என்று தேடினால் தோற்றீர்கள். ஏதாவது ஏழு நாணயத்தை எடுத்துத் தனியே வைத்து, அந்த ஏழையும் திருப்பிப் போடுங்கள். முடிந்தது. எடுத்த ஏழில் இரண்டு தலை இருந்திருந்தால் மற்றக் குவியலில் ஐந்து தலை இருக்கும். ஏழையும் திருப்பும்போது இங்கேயும் தலை ஐந்தாகிவிடும். வேறு எண்களை வைத்தும் போட்டுப் பாருங்கள்.

கடைசியாக மொய் உறை. ஒரு ரூபாய் நாணயம் ஒட்டிய அந்தக் கல்யாண உறையேதான். ஆயிரம் ஒரு ரூபாய் நாணயங்களைப் பத்து உறைகளில் போட்டு ஒட்டிவிட வேண்டும். பிறகு ஒன்று முதல் ஆயிரம் வரை யார் எந்தத் தொகை கேட்டாலும், எந்த உறையையும் பிரிக்காமல் முழு உறைகளாகவே எடுத்துக் கொடுக்க முடிய வேண்டும். விடையைப் பழைய அளவைகள் வைத்திருக்கின்றன: இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு நாழி. இரட்டித்துக்கொண்டே போங்கள்: 1, 2, 4, 8, 16, 32, 64, 128, 256. ஒன்பது உறையில் 511 ஆயிற்று. மீதி 489 பத்தாவது உறைக்கு. 101 வேண்டுமா? 64, 32, 4, 1. 501 வேண்டுமா? 489, 8, 4.

உறையைப் பிரிக்காமல் எண்ணும் ஆசை நமக்குப் புதிதல்ல. காரி நாயனாரின் கணக்கதிகாரம் பலாப்பழத்தை அறுக்காமலே சுளையை எண்ண வழி சொல்கிறது: காம்பைச் சுற்றியுள்ள சிறு முள்ளை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுக்க வேண்டும். பலா இதற்குக் கட்டுப்படுகிறதா என்பது அடுத்த சீசனில் நீங்கள் செய்து பார்க்க வேண்டியது. பள்ளிப் பிள்ளைகளுக்குப் புதிர் வேட்கை வந்துவிட்டால், 1965இல் தொடங்கிய இந்தியக் கணித ஆசிரியர் சங்கம் திருவல்லிக்கேணியில் இருக்கிறது. மாணவர்களுக்குப் போட்டியும் நடத்துகிறார்கள், பத்திரிகையும் போடுகிறார்கள்.

பயிற்சிக்கு ஒன்று. 29சி பஸ். மயிலாப்பூரில் இரண்டு பேர் ஏறி அடையாறுக்கு டிக்கெட் கேட்கிறார்கள். ஆளுக்கு 15 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். முதல் ஆள் 50 கொடுக்கிறார், இரண்டாம் ஆள் 20. சில்லறை இல்லை, கண்டக்டர் டிக்கெட் பின்னால் ஒருவருக்கு 35, ஒருவருக்கு 5 என்று கிறுக்கிக் கொடுக்கிறார். இறங்கும்போது இரண்டு இருபது ரூபாய்த் தாளை நீட்டி, "ரெண்டு பேரும் பிரிச்சுக்குங்க சார்" என்கிறார். முதல் ஆள் நாற்பதையும் வாங்கிக்கொண்டு, தன் பையிலிருந்து ஐந்து ரூபாய் நாணயத்தை எடுத்து இரண்டாம் ஆளிடம் கொடுக்கிறார். பஸ் போய்விட்டது.

கண்டக்டர் பையில் 30. முதல் ஆள் கைக்கு வந்தது 40. இரண்டாம் ஆள் கைக்கு வந்தது 5. மொத்தம் 75. இருவரும் சேர்ந்து கொடுத்ததோ 70. கூடுதல் ஐந்து ரூபாய் எங்கிருந்து வந்தது? கட்டம் போடுங்கள். இதற்கு விடையை இந்தப் புத்தகத்தில் எங்கும் தரவில்லை.